தரவக்காவும் பச்சையாகிப்போன ஊரும்

ஒரு சேர்வரோடு மரியாதையாகக் கதைத்து அலுவல் முடித்த மனிசி இலங்கை முழுக்கத் தேடினாலும் ஒருவர்தான் கிடைப்பார். அது எங்கள் தரவக்கா. நாங்களெல்லாம் கொம்பியூட்டரைத் தட்டுவோம், திட்டுவோம், கோபம் வந்தால் வயரைப் பிடுங்குவோம். அக்கா அதனிடம் சுகம் விசாரிப்பார். இதைப் பகிடிக்குச் சொல்லவில்லை. கிளிநொச்சியில் அந்தச் சின்ன அலுவலகத்தில் வேலை செய்த யாரையாவது பிடித்துக் கேளுங்கள், அடித்துச் சத்தியம் பண்ணுவார்கள்.

எங்கள் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். கிராமங்களுக்கு உதவித் திட்டம் கேட்டு விண்ணப்பம் எழுதுவது. எந்த ஊரில் கஷ்டம் இருக்கிறது என்பது ஸ்கூட்டியில் ஒரு சுற்றுப் போய் வந்தாலே எங்களுக்குத் தெரியும். ஆனால் காசு கொடுக்கிறவர்கள் எங்கள் கண்ணை நம்பமாட்டார்கள், இணையத்தைத்தான் நம்புவார்கள். அதற்கென்று ஒரு தரவுச் சேவை இருந்தது. எந்த மாவட்டம், எந்தக் கிராமம், என்ன விவரம் வேண்டும் என்று ஒரு நீண்ட முகவரி வரியில் பிழையில்லாமல் எழுதி அனுப்பினால், எங்கேயோ இருக்கிற ஒரு சேர்வர் அந்த இடத்தின் வறுமைக் கணக்கைத் திருப்பி அனுப்பும். அதை வாங்கி, வரைபடத்தில் நிறம் தீட்டிச் சுவரில் ஒட்டுவது தரவக்காவின் பொறுப்பு, பெயரும் அந்தத் தரவால் வந்ததுதான். சிவப்பு என்றால் கஷ்டப்பட்ட ஊர், மஞ்சள் என்றால் தட்டுத்தடுமாறி நிற்கிற ஊர், பச்சை என்றால் குறையில்லாத ஊர்.

நான் அங்கே அறிக்கை எழுதுகிற வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையில் அக்காவைப் பற்றி நினைத்தது வேறு. "அவர் காலமையில இருந்து வாய் திறக்கேல்லை பிள்ளை" என்பார். "நேற்று நல்லாத்தான் இருந்தவர், கேட்டதெல்லாம் தந்தவர்" என்பார். ஒரு நாள், "அவருக்கு வர வர மறதி கூடிப்போச்சு" என்று பெருமூச்சு விட்டார். பாவம், வருத்தக்காரப் புருசனை வீட்டில் விட்டுவிட்டு இந்த மனிசி வேலைக்கு வருகிறதே என்று எனக்கு நெஞ்சு உருகிப் போனது. அதற்கு அடுத்த நாள் மத்தியானம், தொப்பையும் சிரிப்புமாக ஒரு மனிதர் அக்காவுக்குச் சாப்பாட்டுப் பெட்டி கொண்டு வந்தார். நான் பதறிப்போய், "அண்ணைக்கு இப்ப வருத்தம் சுகமோ?" என்று கேட்டேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எனக்கென்ன பிள்ளை, கல்லுமாதிரி இருக்கிறன். நீங்கள் கேக்கிறது மற்றாளை. வீட்டில இருக்கிற என்னை இவ 'இவர்' எண்டுதான் சொல்லுவா. உள்ள மேசையில இருக்கிறாரே, அவர்தான் அவர்" என்று கொம்பியூட்டரைக் காட்டினார். பரந்தனில் வாகன ரயர் கடை வைத்திருக்கிற அந்த மனிதர் இந்த ஏற்பாட்டோடு சமாதானமாகிப் பல வருடமாம்.

அக்கா சேர்வரிடம் கேள்வி கேட்கிற அழகைப் பார்க்க வேண்டும். முதலில் முகம் கழுவுவார். வாயில் எதுவும் மென்றுகொண்டிருக்கமாட்டார். முல்லைத்தீவுக் கணக்குத் தேவை என்றால் நேரே முல்லைத்தீவைக் கேட்கவே மாட்டார். தெற்கில் எங்கேயோ ஒரு மாவட்டத்தைக் கேட்பார். அது வந்து சேர்ந்ததும் கொஞ்சம் இருந்து வவுனியாவைக் கேட்பார். பிறகு தேத்தண்ணி. அதற்குப் பிறகுதான் முல்லைத்தீவு.

"ஏனக்கா இந்தச் சுத்து?" என்றேன் ஒருநாள்.

"ஒராளின்ர வீட்டுக்குப் போனா படலையைத் திறந்த உடனயே காசு கேப்பியோ? மழை பெஞ்சதோ, மாடு கண்டு போட்டுதோ எண்டு நாலு கதை கதைச்சிட்டுத்தானே கேப்பாய். அவருக்கும் அப்பிடித்தான்."

இதைக் கேட்டுச் சிரித்தவர்களில் எங்கள் இயக்குநரும் ஒருவர். அவர் அவசரக்காரர். ஒருநாள் அக்கா லீவில் இருந்தபோது தானே மேசையில் உட்கார்ந்து, எல்லா மாவட்டத்தையும் எல்லா ஆண்டையும் ஒரே மூச்சில் கேட்டார். பதில் வரச் சுணங்கியதும், முன்னால் போகிற பஸ்ஸுக்கு ஹோர்ன் அடிப்பதுபோல அதே பொத்தானை அமத்திக்கொண்டே இருந்தார். அளவுக்கு மிஞ்சிக் கேட்கிறவர்களுக்குச் சேவை கதவடைத்துவிடும் என்பது அந்த மனிதருக்குத் தெரியாது. அன்று முழுக்க எங்கள் அலுவலகத்துக்கு ஒரு கணக்கும் வரவில்லை. மறுநாள் அக்கா வந்து, இயக்குநரை ஒரு வார்த்தை சொல்லாமல், கதிரையை இழுத்துப் போட்டுத் திரையைப் பார்த்து, "அவர் தெரியாமல் செய்துபோட்டார், மனசில வைச்சிருக்காதையுங்கோ" என்றார். கொஞ்சத்தில் கணக்கு வந்தது. தண்டனை நேரம் முடிந்துதான் வந்தது என்று நான் எத்தனையோ தரம் விளங்கப்படுத்தினேன். "ஓம் ஓம், நீ சொன்னாச் சரிதான்" என்று என்னைச் சமாளித்துவிட்டார்.

சிக்னல் இல்லாத நாட்களில் நடக்கிற கூத்து வேறு. குசினியிலிருந்து நீட்டுப் பிடி அகப்பையை எடுத்துவந்து, அதில் இணையம் தருகிற டொங்கிளைக் கட்டி, யன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடிப்பார். வீதியால் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். "என்ன அக்கா, ஆருக்குச் சோறு குடுக்கிறியள்?" என்று ஒரு முச்சக்கரவண்டிக்காரர் தினமும் கேட்பார். "அவருக்குத்தான்" என்று அக்கா தினமும் பதில் சொல்லுவார்.

இனி விசயத்துக்கு வருகிறேன். மல்லாவிக்கு அங்கால், காடு தொடங்குகிற இடத்தில், நொச்சியடிக்குளம் என்று ஒரு ஊர். அங்கே உள்ள முன்பள்ளியில் எங்கள் திட்டத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு கொடுத்தோம். தாய்மார் விடிய முதலே கச்சான் கடலை பிடுங்கவும் களை எடுக்கவும் போய்விடுவார்கள். பிள்ளைகளில் பாதிப்பேருக்கு அந்தக் கஞ்சியும் கடலையும்தான் அன்றைய முதல் சாப்பாடு. பல பிள்ளைகளுக்கு அதுதான் நல்ல சாப்பாடும்.

காசு கொடுக்கிறவர்கள் ஒரு விதி போட்டார்கள். புதிதாக எடுத்த வீட்டுக் கணக்கெடுப்பு அந்தத் தரவுச் சேவையில் ஏறிவிட்டது, அதில் சிவப்பும் மஞ்சளுமாக இருக்கிற ஊர்களுக்கு உதவி தொடரும், பச்சை ஊர்களுக்கு மாத முடிவோடு நிற்கும். நியாயமான விதிதான். அக்காவும் முகம் கழுவி, சுற்றிவளைத்துச் சுகம் விசாரித்து, ஒவ்வொரு ஊராகக் கேட்டார். எல்லாம் நாங்கள் நினைத்த நிறத்திலேயே வந்தன. நொச்சியடிக்குளம் மட்டும் பச்சையாக வந்தது. கொஞ்சநஞ்சப் பச்சை இல்லை, எங்கள் பகுதியிலேயே அதுதான் ஆகப் பச்சை.

"அவருக்கு இண்டைக்குச் சுகமில்லை" என்று அக்கா கொம்பியூட்டரை மூடிவிட்டார். மறுநாள் கேட்டார். பச்சை. அதற்கு மறுநாள் வெள்ளிக்கிழமை, கோயிலுக்குப் போய்த் திருநீறு பூசிக்கொண்டு வந்து கேட்டார். அதே பச்சை. இயக்குநர் கையை விரித்துவிட்டார். "தரவு அப்பிடிச் சொன்னா நான் என்ன செய்யிறது? குசினியை மூடச் சொல்லி அறிவியுங்கோ."

அக்காவுக்குக் கோபம் வந்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். "பொறுங்கோ சேர். அவர் பொய் சொல்லுற ஆள் இல்லை. அவருக்கு ஆரோ பொய் சொல்லியிருக்கினம்" என்றார். பிறகு ஏன் பச்சை, எந்தக் கேள்விக்கு ஊர் என்ன பதில் சொன்னது என்று ஒவ்வொன்றாகச் சேவையிடம் கேட்கத் தொடங்கினார். பதில்கள் வந்தன. நொச்சியடிக்குளத்தில் எல்லா வீட்டிலும் செற்றி, அதுதான் மெத்தை வைத்த சோபா, இருக்கிறது. எல்லா வீட்டிலும் மின்விசிறி இருக்கிறது. எல்லா வீட்டிலும் முதல் நாள் கோழிக்கறி சமைத்திருக்கிறார்கள். ஏதேனும் கஷ்டம் உண்டா என்ற கேள்விக்கு ஊர் முழுக்க ஒரே பதில், ஒரு குறையும் இல்லை.

"செற்றியோ?" என்றார் அக்கா. "போன மாசம் அங்க கூட்டத்துக்குப் போனனான். எனக்கு உரலைக் கவிட்டு வைச்சு அதில இருக்க விட்டவை. வெளிக்கிடு பிள்ளை, போய்ப் பாப்பம்."

அக்காவின் ஸ்கூட்டியில் பின்னால் இருந்து மல்லாவி வீதியால் போவது ஒரு தனி அனுபவம். கிடங்குகளுக்கு அக்கா பிரேக் பிடிப்பதில்லை, பிள்ளையாரைக் கூப்பிடுவதோடு சரி. முன்பள்ளி வாசலில் மாதர் சங்கத் தலைவி பவளம் எங்களை வரவேற்றார். ஒடிசலான, குரல் பெரிய மனிசி. பின்னால் முன்பள்ளி ரீச்சரும் இன்னும் சில பெண்களும் நின்றார்கள்.

"பவளம், கணக்கெடுக்க வந்தவைக்கு நீங்கள் என்ன சொன்னனீங்கள்?" அக்கா ஸ்கூட்டியை விட்டு இறங்கமுதலே கேட்டார்.

"ஊர் மானத்தைக் காப்பாத்திப் போட்டம் அக்கா" என்றார் பவளம் பெருமையாக. "கொழும்பில இருந்து ஆக்கள் வாறதெண்டு முதலே தெரியும். வீட்டுக்கு வந்த சனத்தைப் பாயில இருத்தேலுமோ? கனடாக்காரற்ற வீட்டில ஒரு சிவப்புச் செற்றி இருக்கல்லோ, அதைக் கேட்டு வாங்கினனாங்கள்."

பிறகு கதை முழுக்க வந்தது. கணக்கெடுக்கிறவர்கள் முன் ஒழுங்கையால் நடந்து ஒரு வீட்டுக்குப் போய்ச் சேரமுதல், அந்தச் செற்றி லாண்ட்மாஸ்டர் என்கிற கை உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏறிப் பின் ஒழுங்கையால் அந்த வீட்டுக்குப் போய்விடும். கூடவே ஒரு மின்விசிறி. கூடவே ஊர் சேர்ந்து காய்ச்சிய கோழிக்கறிச் சட்டி. லாண்ட்மாஸ்டர் போட்ட சத்தத்துக்கு வந்தவர்கள் சந்தேகப்படாததுதான் அதிசயம்.

"ஒரு தம்பி மட்டும் கேட்டது" என்றார் ரீச்சர் வெட்கத்தோடு. "ஏன் இந்த ஊரில எல்லாரிட்டயும் சிவப்புச் செற்றி எண்டு. மல்லாவியில ஒரு கடைதான் தம்பி எண்டு சொன்னனாங்கள்."

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை, வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. "உங்களுக்குக் கஷ்டம் இருக்கோ எண்டு கேட்டிருக்கினம். ஏன் இல்லையெண்டனீங்கள்?"

"முன்னப் பின்னத் தெரியாத ஆக்கள், வெயிலுக்க நடந்து வந்திருக்கினம். வந்த சனத்திட்ட எங்கட இல்லாமையைச் சொல்லி அழுறதோ? நீங்கள் எண்டாச் சொல்லுவியளோ அக்கா?"

அக்காவும் சொல்லமாட்டார் என்பது எனக்குத் தெரியும், ரயர் கடை நட்டத்தில் போன காலத்திலும் அலுவலகத்துக்கு எல்லோருக்குமாகச் சேர்த்துச் சாப்பாடு கொண்டு வந்த மனிசி அவர். பிறகு மெல்ல, வரைபடத்தில் ஊர் பச்சையாக வந்திருப்பதைச் சொன்னார். பெண்கள் கைகொட்டாத குறை. "கேட்டியளே, எங்கட ஊர் பச்சையாம்" என்று பவளம் பின்னால் திரும்பிச் சொன்னார். பச்சை ஊருக்குப் பிள்ளைகளின் சாப்பாடு நின்றுவிடும் என்பதையும் அக்கா சொன்னார். ரீச்சர் குசினிக்குள்ளே போய்விட்டார். கஞ்சிப் பானை கழுவுகிற சத்தம் நெடுநேரம் கேட்டது.

திரும்பி வந்த உடனே அக்கா அந்தச் சேவையை நடத்துகிறவர்களுக்கு எழுதினார். கணக்கில் பிழை என்று எழுதவில்லை, "எங்கள் சனம் அன்பினால் கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டார்கள், தயவுசெய்து இன்னொரு முறை வந்து கேளுங்கள்" என்று எழுதினார். அவர்கள் நல்லவர்கள். ஒரு தம்பியை அனுப்புவதாகப் பதில் போட்டார்கள்.

ஆனால் தம்பி வந்தால் மட்டும் போதுமா? ஊர் திரும்பவும் செற்றியை ஏற்றிவிட்டால்? அக்கா முன்பள்ளிக் கொட்டகையில் ஒரு ஒத்திகை வைத்தார். தானே கணக்கெடுக்கிற ஆளாகக் பதில் பதிகிற டப்லெட்டுக்குப் பதிலாகக் கையில் ஒரு சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு இருந்தார். விதிகள் கடுமையானவை. செற்றி கூடாது, இரவல் மின்விசிறி கூடாது, சோடா கூடாது, விசுக்கோத்துக் கூடாது. உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டும், கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம். முதல் வீட்டுக்காரி அக்காவின் முதல் கேள்வி முடியமுதலே இளநீர் வெட்டப் போய்விட்டார். இரண்டாவது ஆள் ஒரு வயதான அப்பு. அவர் அதற்கு நேர்மாறாகப் பஞ்சத்தைக் கூட்டி, ஒரு கிழமையாகத் தான் பச்சைத் தண்ணி தவிர வேறொன்றும் கண்டதில்லை என்று கண்ணைக் கசக்கினார். வாயில் வெற்றிலை இருந்தது.

"அப்பு, பொய் வேண்டாம். உள்ளதைச் சொல்லுங்கோ."

"பொய் எண்டா எவ்வளவும் சொல்லுவன் பிள்ளை. உள்ளதைச் சொல்லத்தான் வெக்கமாக் கிடக்கு."

கொட்டகையில் எல்லோரும் சிரித்தார்கள். அப்புவும் சிரித்தார். அவர் சொன்னது பகிடி இல்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

கணக்கெடுக்கிற தம்பி ஒரு கடும் வெயில் நாளில் வந்தான். மெலிந்த பெடியன், மோட்டார் சைக்கிளில் புழுதி குளித்து வந்திருந்தான். முதல் வீடு பவளத்தினுடையது. அவனைப் பாயில் இருத்தினார்கள். ஊர்ச்சனம் வேலியோரம் நின்றது. அக்காவும் நானும் குசினிப் பக்கம் நின்று எட்டிப் பார்த்தோம். பவளம் முந்தானையைக் கசக்கிக்கொண்டு நின்றார். தம்பி டப்லெட்டைத் திறந்தான், வியர்வையைத் துடைத்தான், திரும்பவும் துடைத்தான்.

அக்கா என் கையைப் பிடித்தார். "அந்தப் பெடியனுக்கு ஒரு மிடறு தண்ணி குடுக்கினமில்லையே."

"நீங்கள்தான் ஒண்டும் வேண்டாமெண்டனீங்கள்."

"நான் சோடாவைத்தானே வேண்டாமெண்டனான்."

"பேசாமல் நில்லுங்கோ அக்கா. பிள்ளையளின்ர சாப்பாடு அக்கா."

அக்கா நின்றார். நிற்கிறார் என்றுதான் நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை. கையில் தேத்தண்ணிக் கோப்பையும், அக்காவின் வீட்டுக்காரர் காலையில் கட்டிக் கொடுத்த உளுந்து வடைப் பொட்டலமுமாக, விதி போட்ட மனிசி ஊர் முழுக்கப் பார்த்திருக்க முற்றத்தைக் கடந்து போய்க்கொண்டிருந்தார். எனக்கு உயிரே போய்விட்டது.

"தம்பி, முதல் இதைச் சாப்பிடு" என்றார். "இது எங்கட வீட்டில இருந்து வந்த வடை. பரந்தனில வாங்கினது. இந்த ஊர்க் கணக்கில சேர்த்துப் போடாதை, சரியே?"

தம்பி வடையைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், டப்லெட்டைப் பார்த்தான். "அக்கா, இதில வடைக்குக் கேள்வியே இல்லை" என்றான்.

வேலியோரம் நின்றவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு பவளம் சிரித்தார். விருந்தாளி வெறும் வயிற்றோடு இருக்கவில்லை என்றதும் அந்த மனிசியின் முகத்தில் இருந்த பாரம் இறங்கியதைக் கண்ணால் கண்டேன். அவனுக்கு எதிரே பாயில் இருந்தார். நேற்று இரவு என்ன சாப்பாடு என்று தம்பி கேட்டான்.

"பிள்ளையளுக்கு ரொட்டி" என்றார் பவளம். "எனக்கு வெறுந் தேத்தண்ணி. பொய் சொல்லேல்லைத் தம்பி. போன முறைதான் பொய் சொன்னனாங்கள்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு வீடும் தன் கதையைச் சொன்னது. அப்பு வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, உள்ளதை மட்டும், நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ஒரு வீட்டிலும் அக்கா உள்ளே போகவில்லை. வெளியே நின்று வேலியில் நட்டிருந்த கதியால் மரத்தின் இலையை உருவி உருவிப் போட்டுக்கொண்டிருந்தார்.

புதுக் கணக்கு சேவையில் ஏறிய நாளில் அலுவலகத்தில் ஒருவரும் வேலை செய்யவில்லை. இயக்குநர் பொத்தானைத் தொட்டுவிடக்கூடாதென்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அக்கா முகம் கழுவிவிட்டு வந்து, தெற்கைக் கேட்டு, வவுனியாவைக் கேட்டு, தேத்தண்ணி குடித்து, எங்கள் பொறுமையை உருக்கி எடுத்த பிறகு நொச்சியடிக்குளத்தைக் கேட்டார். சிவப்பு. இயக்குநர் கைதட்டிவிட்டார். எதற்குக் கைதட்டுகிறோம் என்று விளங்கியதும் கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். பவளத்துக்குப் போனில் சொன்னபோது அந்தப் பக்கம் எழுந்த ஆரவாரம் எங்கள் மேசைவரை கேட்டது. ஏழையென்று உறுதியானதற்கு அவ்வளவு சந்தோசப்பட்ட ஊரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அடுத்த கிழமை அவர்கள் எங்களைக் கூப்பிட்டுப் பாலும் அரிசியுமாகப் புக்கை பொங்கினார்கள். பிள்ளைகள் வரிசையாக இருந்து கஞ்சி குடித்தார்கள், ஒரு பிள்ளை இரண்டாம் தரம் கேட்டது, ரீச்சர் வார்த்தார். அக்கா குழந்தைகளின் குட்டிக் கதிரையொன்றில் கஷ்டப்பட்டு இருந்து, ஒரு வாய் புக்கை சாப்பிட்டார்.

திரும்பும் வழியில், கிடங்குகளுக்குக்கூடப் பிள்ளையாரைக் கூப்பிடாமல் கனதூரம் ஓட்டினார். பிறகு, "அந்தச் சனத்தைக் கொண்டு தங்கட இல்லாமையைச் சொல்ல வைச்சுப்போட்டன் பிள்ளை" என்றார். "அந்த ஊர் பச்சையா வரவேணும். உண்மையாப் பச்சையா. அதைப் பாத்திட்டு அண்டைக்கே நான் வேலையை விட்டிட்டு வீட்டில இருப்பன்."

நான் இப்போது வவுனியாவில் வேறு வேலையில் இருக்கிறேன். கணக்குப் புதுப்பிக்கிறபோதெல்லாம் நானும் இங்கிருந்து நொச்சியடிக்குளத்தைக் கேட்டுப் பார்ப்பேன். கடைசியாகக் கேட்டபோது மஞ்சளாகியிருந்தது. சந்தோசத்தில் உடனே அக்காவுக்குப் போன் எடுத்து, வீட்டில் இருக்கிற நாள் கிட்டுகிறதுபோல என்று பகிடி விட்டேன். அவர் சிரித்தார். போனை வைத்த பிறகு, அக்கா இல்லாத அந்த மேசையை நினைத்து எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது.